மேலூர் அண்ணன், கீழூர்த் தங்கை

நன்னிலத்துக்குத் தெற்கே ஒரே வாய்க்காலில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பெயர் சொல்லப்போவதில்லை. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருப்பதை மேலூர் என்றும் முடியும் இடத்தில் இருப்பதைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்கிறேன். ஓர் ஊரில் போடும் ஒலிபெருக்கிப் பாட்டு மற்ற ஊரில் கேட்கும். ஆனாலும் மேலூர்ப் பெண்ணைக் கீழூருக்குக் கொடுப்பதில்லை. கீழூர்ப் பெண்ணை மேலூரில் எடுப்பதில்லை. பகை எதுவும் கிடையாது. மேலூர் மடையருகே நிற்கும் சாமியும் கீழூர் அம்மனும் கூடப் பிறந்தவர்கள். ஆகவே இரண்டு ஊர்க்காரர்களும் அண்ணன் தங்கைகள். அவ்வளவுதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூரில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது இதை நான் தெரிந்துகொண்டேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் மேலூர்க்காரி. விடுதியில் தங்கிப் படித்தாள். நான் உள்ளூர். அம்மா செவிலியர், அப்பா ரயில்வேயில். கத்தோலிக்கக் குடும்பம். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் தெரு வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களுக்கு வாசலில் நின்று மோர் ஊற்றுவோம். மற்றபடி ஊர்த்தெய்வம், குலதெய்வம் என்றெல்லாம் எங்களுக்கு எதுவும் இல்லை. பாடத்தில் வரும் சாமிகளை நான் பக்க எண் சொல்லிக் குறிப்பிடுவேன். அவள் உறவுமுறை சொல்லிக் குறிப்பிடுவாள்.

இரண்டாம் ஆண்டில் தொன்மங்களைப் பற்றி ஒரு தாள் இருந்தது. அதை நடத்திய பேராசிரியர் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார். பாதி வகுப்பில் அவர் மனம் செங்கல் சூளையில் இருக்கும். ஆளுக்கொரு ஊர்க்கதையைச் சேகரித்து ஆய்வேடு எழுதச் சொன்னார். நடந்ததா நடக்கவில்லையா என்று ஆராய வேண்டாம், அது போலீஸ் வேலை. யார் எப்படிச் சொல்கிறார்கள், இன்னொருவர் எங்கே மாற்றிச் சொல்கிறார் என்று மட்டும் எழுதுங்கள் என்றார். பிறகு ஜல்லி விலையைப் பற்றிப் பேசினார்.

என் தோழி தன் ஊர்க் கதையையே எடுத்துக்கொண்டாள். வகுப்பில் அதை ஊர்ப்பற்று என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். கீழூரில் ஒருவனை அவள் கட்டிக்கொள்ள நினைத்திருந்தாள்.

அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தான். பள்ளிக்கூடம் போகும் பேருந்தில் பழக்கம். சாதி ஒன்று. இரண்டு வீட்டுக்கும் நிலபுலம் ஏறக்குறைய ஒன்று. அவள் அப்பாவுக்கு அவனைப் பிடிக்கும்; நல்ல பையன், வெளியூர் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திவிட்டான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் அவள் மெதுவாகப் பேச்செடுத்தபோது, அவன் உனக்கு அண்ணன் முறை என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"எந்த வழியில அண்ணன்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"ஊர் வழியில."

தஞ்சாவூரில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று அவன் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தான். இவள் ஒப்பவில்லை. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் மேலூர் அண்ணன் கீழூர்த் தங்கைக்குச் சீர் அனுப்புவார். சேலை, வளையல், மஞ்சள், பச்சரிசி, வெல்லம் என்று தட்டுத்தட்டாக வாய்க்கால் கரையிலேயே நடந்து கொண்டுபோவார்கள். முதல் தட்டைச் சுமப்பவர் இவள் அப்பா. அவருக்கு முன் அவர் அப்பா சுமந்தார். மகளே கட்டுப்பாட்டை மீறிவிட்டால் மறு ஆடியில் அந்தத் தட்டு வேறு ஆளிடம் போய்விடும். அவர் தட்டை இறக்கிவைத்துவிட்டுத்தான் தனக்குத் தாலி ஏற வேண்டுமென்றால் அந்தத் தாலியே வேண்டாம் என்று சொன்னாள். கோபமாகவோ அழுதோ சொல்லவில்லை. தேர்வுக்கு எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

இதற்கிடையில் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர் வீட்டில் ஜாதகம் கேட்டிருந்தார்கள். ஆவணியில் பேசி முடிக்கலாம் என்று வீட்டில் எண்ணம். ஆகவே அவளுக்கு ஆடி வரைக்கும்தான் நேரம் இருந்தது. அதற்குள் ஒரு புராணத்தை மாற்ற வேண்டும். அல்லது அதில் ஒரு சந்து கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குக் கை வேகமாக எழுதும். அதனால் வாரக் கடைசிகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கும்பகோணத்தில் பேருந்து மாறி, நன்னிலத்தில் இறங்கி, அவள் சித்தப்பா கடையில் விட்டிருக்கும் சைக்கிளில் போவோம். அவள் மிதிப்பாள். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

மேலூரில் சொன்ன கதை இது. முன்னொரு காலத்தில் ஆற்றில் பெருவெள்ளம். ஒரு மரப்பெட்டியில் அண்ணனும் தங்கையும் மிதந்து வந்தார்கள். மடை அருகே அண்ணன் கரையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தங்கையைப் பிடித்தான். பிடி நழுவிவிட்டது. தங்கை வாய்க்காலோடு போய்க் கீழூரில் ஒதுங்கினாள். கை நழுவ விட்ட வருத்தத்தில் அண்ணன் இன்றுவரை சீர் அனுப்புகிறான்.

கீழூரில் கையும் நழுவவில்லை, வருத்தமும் இல்லை. மேட்டில் நல்ல இடம் கிடைத்ததும் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். தங்கை மட்டும் கடைசி வயல் வரை நடந்து பார்த்தாள். அங்கே தண்ணீர் எட்டவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே நின்றுகொண்டாள். அவள் அங்கே நின்றால் அண்ணன் தண்ணீர் விட்டுத்தானே ஆக வேண்டும்? இதைச் சொன்னவர்கள் எல்லோருமே சொல்லி முடித்ததும் மேலூர்ப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள்.

நன்னிலம் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்த பாயிடமும் ஒரு கதை இருந்தது. சீர்த் தட்டுக்கு வளையல் கொடுப்பது அவர் குடும்ப வழக்கம், காசு வாங்குவதில்லை. அவர் கதையில், கரை ஒதுங்கிய பெண் குளிரில் நடுங்கியபோது நாகூரிலிருந்து படகில் வந்துகொண்டிருந்த ஒரு வியாபாரி தன் மேல்துண்டைக் கொடுத்தார். வியாபாரி பாயின் முப்பாட்டனார். மேலூர்த் தச்சர் கதையில் மரப்பெட்டியைச் செய்தது அவர் முன்னோர். மணியக்காரர் வீட்டுக் கதையில் அந்த வெள்ளத்தைப் பார்வையிட ராஜாவே வந்திருந்தார். வரவேற்றது மணியக்காரர் வீட்டார். எந்த ராஜா என்று கேட்டேன். ராஜாதான் என்றார்கள். கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் அம்மன் பெட்டியில் மிதந்து வரவில்லை. வானத்திலிருந்து வெளிச்சத்தோடு இறங்கினாள்.

கதை கேட்கப்போன இடத்திலெல்லாம் சொல்பவருடைய பாட்டனார் ஒருவர் கரையில் நின்றார். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வெள்ளத்தன்று அந்த இடத்தில் நல்ல கூட்டம் இருந்திருக்க வேண்டும். அத்தனை பேர் இருந்தும் ஒரு சின்னப் பெண்ணைக் கரையேற்ற முடியாமல் போனது எப்படி என்று தோழியிடம் கேட்டேன். தொன்மத்தில் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்றாள். ஆனால் சிரித்தாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நன்னிலத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அழைப்பான். நேரம் ஓடுமென்பதால் நலம் விசாரிப்பதையெல்லாம் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருவான்.

"கதை எந்த அளவுல இருக்கு?"

"இன்னும் அண்ணன் தங்கச்சியாத்தான் இருக்கோம்," என்பாள் இவள். பூத்துக்காரர் ஓடாத மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சந்து எதுவும் கிடைக்கவில்லை. பெட்டி மாறியது, வெள்ளம் மாறியது, ராஜா வந்தார், போனார். எல்லோர் கதையிலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: அவர்கள் அண்ணன் தங்கை.

வைகாசியில் ஒரு நாள் கீழூர்க் கோயிலுக்குப் போனோம். ஓர் அம்மாள் கோயில் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கதை கேட்டோம். வேலை இருக்கிறது, வேண்டுமானால் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தோம். அவருக்குப் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு. அதற்குள் முழுக்கப் பாலாடைகள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணங்கள். அடியில் இருந்தவை பித்தளை, மேலே இருந்தவை எவர்சில்வர். கோயிலில் இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அது எங்கள் அம்மா வேலை பார்த்த பிரசவ வார்டில்கூட நான் பார்க்காத எண்ணிக்கை.

"சீர்ல வருஷாவருஷம் ஒண்ணு வருது. என்ன பண்றது? ஊர்ல புள்ளை பொறந்தா எடுத்துக் கொடுப்போம், பால்குடி மறந்ததும் திரும்பி வந்துடும். கீழூர்ப் புள்ளைங்க எல்லாம் மொத மொத இதுலதான் பால் குடிக்கும்."

"சீர்ல எதுக்கு இதை வைக்கிறாங்க?"

"ஆத்தா புள்ளைக்கு."

"ஆத்தாவோட புள்ளை யாரு?"

அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். தமிழ் படிக்கிற பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"நாங்கதான்," என்றார்.

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுத்தார். என் தோழி எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். கொஞ்சம் பொறுத்து நானும் போனேன்.

"பாலாடை யாருடி வாங்கித் தருவா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் மருந்துக்கடையில் வாங்குவோம் என்றேன்.

"போடி. தாய்மாமன் சீர்டி அது. தங்கச்சிக்குக் குழந்தை பொறந்தா அண்ணன் கொண்டுபோய் வைக்கிறது."

எனக்கு விளங்க இன்னும் சில நொடிகள் ஆயின. கீழூர்க்காரர்கள் தங்கையின் பிள்ளைகள். மேலூர்க்காரர்கள் அண்ணனின் பிள்ளைகள். அப்படியானால் அவர்கள் அண்ணன் தங்கை இல்லை. மாமன் மகளும் அத்தை மகனும். கட்டிக்கொள்ளக் கூடாதவர்கள் இல்லை. கட்டிக்கொள்ள உரிமை உள்ளவர்கள். இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாகச் சாமிகளின் உறவைத் தங்கள் உறவாக எடுத்துக்கொண்டு, கணக்கை ஒரு தலைமுறை கீழே இறக்காமல் விட்டிருந்தார்கள். தாயும் மாமனும் கூடப் பிறந்தவர்கள் என்பதற்காக மாமன் மகளைத் தங்கை என்று சொல்கிறவர் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு எங்கும் இருக்க முடியாது. இதில் வேடிக்கை, பாலாடையை வருஷம் தவறாமல் தலையில் சுமந்து போனவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பேராசிரியரிடம் முடிவுரையைக் காட்டினாள். படித்தார். ஊர் இதை ஏற்றுக்கொண்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். அப்படியானால் இது முடிவுரை இல்லை, ஆய்வாளரின் விருப்பம்; ஏற்றுக்கொண்ட பிறகு எழுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி என்று இப்போது தோன்றுகிறது. அன்று நாங்கள் இருவரும் அவர் வீட்டுக் கூரை ஒழுக வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

வீட்டில் அவள் வாதாடவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மோர் ஊற்றியபடி கேட்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, சீர்த் தட்டுல பாலாடை வைக்கிறோமே, அது யாரு வைக்கிற சீரு?"

"தாய்மாமன் வைக்கிறது."

"அப்ப கீழூர்க்காரங்களுக்கு நாம யாரு?"

அவர் மீதிச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வயலுக்குப் போனார். அன்று அவர் யாருடனும் பேசவில்லை என்று அவள் அம்மா எங்களைக் குறை சொன்னாள்.

ஆடி பிறப்பதற்கு முன் இரண்டு ஊர்க்காரர்களும் மடையருகே கூடுவது வழக்கம். சீருக்கு யார் என்ன கொண்டுவருவது, மேளம் யாருக்குச் சொல்வது என்று பேசி முடிப்பார்கள். ஆண்கள் அரசமர நிழலில். பெண்கள் கொஞ்சம் தள்ளிச் சாமி கொட்டகையில். நானும் தோழியோடு உட்கார்ந்திருந்தேன். மேளம் பேசி முடிந்ததும் அவள் அப்பா எழுந்தார். ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று தொடங்கி, பாலாடையில் ஆரம்பித்து, முறைப்படி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கீழூருக்கு மேலூர் மாமன் வீடு என்று நிறுத்தினார். தன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் எதற்குப் பேசுகிறார் என்று தெரியாத ஆள் அங்கே யாரும் இல்லை.

நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். கீழூர்க்காரர்களில் பல் போன ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இதை எங்க அப்பன் காலத்துலயே சொல்லியிருக்கக் கூடாதாய்யா? நான் வலங்கைமான் வரைக்கும் போய்ப் பொண்ணு கட்டியிருக்க வேண்டாம்."

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "இப்ப மட்டும் என்ன கெட்டுப்போச்சு? போய்க் கேட்டுப் பாருங்க, கொடுக்குறாங்களான்னு."

சிரிப்பு அடங்கியபோது பார்த்தால், ஒருவரும் மறுக்கவில்லை. அதுவும் சரிதான் என்றார்கள். புராணம் அவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டது. தோழி என் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் கீழூர் விவசாயிகள் சங்கத்துக்காரர் எழுந்தார். பச்சைத் துண்டு போட்டவர். ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, அதைப் பற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் பேச அவர்தான் போவார். கணக்கு சரி, ஆனால் கல்யாணம் வேண்டாம் என்றார். மாப்பிள்ளை ஊரே குறுக்கே நிற்கும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை.

"அண்ணன் தங்கச்சின்னா எவ்வளவு சண்டை போட்டாலும் அத்துக்கிட்டுப் போக முடியாது. சம்பந்தின்னா அப்படி இல்லைங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்து நின்னா, அப்பன் பொறுத்துப்பாரு. சித்தப்பன் பொறுக்க மாட்டான். மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நேரா மடைக்குத்தான் போவான்."

"அப்படி யாரும் மடையை அடைக்க மாட்டோம்," என்றார் தோழியின் அப்பா.

"போன சம்பாவுல அடைச்சீங்களே."

"அது வேற."

"அண்ணன் தங்கச்சியா இருக்கும்போதே அடைச்சீங்க. சம்பந்தியாவும் ஆயிட்டா?"

மேலூர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த வருஷங்களில் ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதே தெரியாது. வந்தால் முதலில் மேலூர் வயல்; மிஞ்சினால்தான் கீழூர். மேலூரில் நாலைந்து பேர் போர் போட்டிருந்தார்கள். கீழூரில் போட்டால் உப்புத் தண்ணீர் வந்தது. கடைசி வயலில் பயிர் காயும்போது கீழூர்க்காரர்கள் மேலூருக்கு வந்து, உன் தங்கச்சி தாகத்தோடு நிற்கிறாள் என்று மடையருகே சாமி முன்னால் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் மடை திறக்கும். கலெக்டரிடம் கொடுத்த மனுக்களில் எதுவும் அவ்வளவு விரைவாக வேலை செய்ததில்லை. யாரும் கதையாக எங்களிடம் சொல்லாத பகுதி இதுதான். சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

பாலாடையை வைத்து இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தோழி என் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து குறுக்கே பேசலாம். எழுந்து நின்று பேசும் வழக்கம் இல்லை. அவள் அப்பா திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை.

"வாய்க்கால்ல தண்ணி ஓடுற வரைக்கும் நான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு வர மாட்டேன். இந்தச் சாமி மேல சத்தியம் பண்ணித் தர்றேன். அங்க என்ன நடந்தாலும் சரி."

பச்சைத் துண்டுக்காரர் யோசித்தார். அவர் பேரம் பேசிப் பழகியவர்.

"எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்?"

"ஆடியிலேர்ந்து தை வரைக்கும்."

"மாசி. எங்களுக்கு அறுப்பு பிந்தும்."

"தண்ணி தையோட நின்னுடுமே."

"ஈரம் இருக்குல்ல."

"சரி, மாசி."

"தீபாவளிக்கு? பொங்கலுக்கு?" என்று அவள் அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"அதுக்கு வரட்டும்மா. அது வரிசை. கோவிச்சுக்கிட்டு வர்றதுதான் கூடாது."

"கோவத்துல வர்றாளா வரிசைக்கு வர்றாளான்னு யாரு பாத்துச் சொல்றது?"

"பெட்டி பெருசா இருந்தா கோவம்," என்றார் பல் போனவர்.

மாப்பிள்ளையின் அம்மாவும் கொட்டகையில் இருந்தார். இப்போது, எல்லோரும் இவ்வளவு பேசுவதைப் பார்த்தால் நான் என்ன அவ்வளவு கொடுமைக்காரியா என்று பொதுவாகக் கேட்டார்.

"தண்ணியே வராத வருஷத்துல?" என்று தோழி கேட்டாள்.

"வராத வருஷத்துல எப்ப வேணும்னாலும் வாம்மா," என்றார் பச்சைத் துண்டுக்காரர். "அப்ப அடைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

மடையருகே கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். ஆடிப்பெருக்கன்று அவள் அப்பா முதல் தட்டைச் சுமந்தார். ஆவணியில் அவன் விடுப்பில் வந்தான்; கல்யாணம் மேலூரில் நடந்தது. நான் மணப்பெண் பக்கத்தில் நின்றதால் பாதிப் புகைப்படங்களில் என் தோள்பட்டை இருக்கிறது. ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. பேராசிரியர் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார். ஆனால் கடைசி இயலில் தன்மை இடத்தில் எழுதியிருந்த வாக்கியங்களை எல்லாம் படர்க்கைக்கு மாற்றச் சொன்னார்.

விடுப்பு முடிந்து அவன் சிங்கப்பூர் போனான். மனைவியைக் கூட்டிப்போக அந்த வேலையில் அனுமதி இல்லை. அவள் கீழூரில் மாமியாரோடு இருந்தாள். கடிதங்களில் மாமியாரைப் பற்றி அதிகம் எழுதமாட்டாள். கார்த்திகையில் வந்த ஒரு கடிதத்தில் மட்டும், இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாராளமாக வருகிறது, எல்லோருக்கும் சந்தோஷம் என்று எழுதி, சந்தோஷம் என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டிருந்தாள்.

நான் ஒரு நாளிதழின் தஞ்சாவூர் அலுவலகத்தில் சேர்ந்தேன். சில வருஷங்கள் கழித்து, ஆடிப்பெருக்குச் செய்திக்காகப் புகைப்படக்காரரோடு அந்த ஊர்களுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் இல்லாத ஆடி அது. வறண்ட வாய்க்காலின் கரையில் மேளத்தோடு சீர் வந்தது. கீழூர்க் கோயில் வாசலில் பச்சைத் துண்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து நலம் விசாரித்தார். பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும் என்பதால் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கதை சொன்னார்.

அண்ணனும் தங்கையும் பிரியும்போது தங்கை ஒரு வாக்குக் கொடுத்தாளாம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் எவ்வளவு வருத்தம் இருந்தாலும் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று. அதனால்தான் அவள் போவதில்லை. அண்ணன் சீர் எடுத்துக்கொண்டு வருகிறார்.

"இது எந்தக் காலத்துலேர்ந்துங்க?" என்று கேட்டேன்.

"ஆதியிலேர்ந்து. எங்க பாட்டன் சொல்லுவாரு."

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. என்னைக் கேலி செய்யவும் இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தது அவருக்கு நினைவிருந்தது. அன்று வெயில் அதிகமாக இருந்ததைக்கூடச் சொன்னார். இரண்டும் அவருக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன. படிக்கிற காலத்தில் இதைப் பற்றிச் சில நூல்களை எடுத்துப் புரட்டியிருக்கிறேன். அவற்றில் இருந்ததெல்லாம் யாரோ எப்போதோ மாற்றிவிட்ட கதைகள். மாற்றியவரே எதிரில் நின்று, மாற்றம் இல்லை என்று சொல்வதை அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னபடி எழுதி, கடைசியில் 'என்பது ஐதீகம்' என்று சேர்த்து அனுப்பினேன். அந்தச் சொல் இருந்தால் செய்திப் பிரிவில் ஆதாரம் கேட்கமாட்டார்கள்.

அன்று கூட்டத்தில் தோழியைத் தேடினேன், காணவில்லை. மாமியார் மட்டும் கையில் பேரனோடு நின்றுகொண்டிருந்தார். அவள் எங்கே என்று கேட்டதற்கு, வருவாள் என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்கு மேளத்தைக் காட்டினார்.

செய்தி வந்த காலையில் அலுவலகத்துக்கு அவளிடமிருந்து தொலைபேசி. எங்கள் அலுவலகத்துக்கு அந்த நாட்களில் வரும் அழைப்புகளில் பாதி விவசாயிகளுடையவை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. அவளும் அதையே கேட்டாள்.

"மேட்டூர் எப்பத் திறக்குறாங்கடி?"

"இன்னும் அறிவிப்பு வரலை. நீர்மட்டம் ரொம்பக் கீழ இருக்கு. செய்தி படிச்சியா?"

"படிச்சேன். ஐதீகமா நான்?"

"எங்கேர்ந்து பேசுறே?"

"அம்மா வீட்டுலேர்ந்து."

பெட்டி பெரியதா என்று கேட்டேன். பெரியதுதான் என்றாள். மாமியார் என்ன சொன்னார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் அவள் குழந்தை சிணுங்குவதும் அவள் அப்பா யாரையோ காபி போடச் சொல்வதும் கேட்டன.

"அறிவிப்பு வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு," என்றாள். "அணையில திறந்தாலும் கீழூருக்குத் தண்ணி வர நாளாகும். அதுக்குள்ள கிளம்பிடுவேன்."

அறிவிப்பு ஆவணி கடைசியில் வந்தது. முதல் பக்கத்துக்குச் செய்தி கொடுத்துவிட்டு, அவளுக்குப் போன் செய்தேன்.